ஏழாவது வண்டி

பாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததிலிருந்து செராமிக் எஸ்டேட்டுக்கு மூன்று நடை போய்விட்டான். ஒவ்வொரு நடையிலும் ஆனந்தராஜ் கம்பெனியின் பின்பக்கக் குடோனுக்குப் போய், ஷட்டரை முழங்கால் உயரம் தூக்கி, குனிந்து எட்டிப் பார்த்து, உறை போட்ட வண்டி வைத்த இடத்திலேயே இருப்பதைக் கண்ணால் கண்டு, ஷட்டரை இறக்கிவிட்டுத் திரும்பினான். அது எங்கே போய்விடும்? ஆனாலும் மனசு கேட்டால்தானே.

“மச்சான், நீ வந்து வந்து பாக்கறதுனால வெல ஏறிடாது. ஷட்டர தூக்கித் தூக்கி எறக்கினா தூசிதான் உள்ள போவும்,” என்றான் ஆனந்தராஜ்.

அவன் சொன்னதும் வாஸ்தவம்தான். ஆனந்தராஜ் கம்பெனியில் மின்கம்பத்துக்கான பீங்கான் இன்சுலேட்டர் செய்கிறார்கள். களிமண் தூள் அங்கே கடிகாரத்தின் மேலும் படியும், காலண்டரின் மேலும் படியும், ஆனந்தராஜின் மீசையையும் விட்டுவைக்காது. வைக்கோல் வைத்துக் கட்டிய இன்சுலேட்டர் பெட்டிகளுக்கு நடுவே, மூன்று உறைகளைப் போர்த்திக்கொண்டு, கோடிகளில் விலை பேசப்படும் இத்தாலிக் கார் ஒன்று நிற்கிறது என்று எஸ்டேட்டில் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். அவர்களிலும் இரண்டு பேர் நம்பவில்லை.

வண்டியின் பெயர் ஸ்டார்னெல்லா. மஞ்சள் நிறம், பாண்டிச்சேரி நம்பர். உயரம் பாரியின் இடுப்பைத் தாண்டாது. விருத்தாசலத்து ரோட்டில் இறக்கினால் முதல் பள்ளத்திலேயே வயிறு இடிக்கும் என்பதால் பாரி அதை ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. லாரியில் வந்தது, லாரியில்தான் போகும். அதன் மதிப்பெல்லாம் ஒரே ஒரு சங்கதியில் இருந்தது. இந்தியா முழுக்க அந்த மாடல் ஏழே ஏழுதான்.

பாலக்கரையில் பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங் வைத்து இருபது வருஷம் ஓட்டியவன் பாரி. ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிஷமே வண்டியின் விலை இறங்க ஆரம்பித்துவிடும் என்பதுதான் அவன் படித்த பாடம். இந்த ஸ்டார்னெல்லா அந்தப் பாடத்தையே தலைகீழாகப் புரட்டிப் போட்டது. கம்பெனிக்காரன் வாசலில் ஆயிரம் பேர் வரிசை கட்டி நின்றாலும் அவன் நூறு வண்டிக்கு மேல் செய்வதில்லை. பணம் இருந்தாலும் கிடைக்காது என்று ஆனவுடன் புது வண்டியைவிடப் பழைய வண்டிக்கு விலை கூடிவிடுகிறது. அந்த விலையைக் கொடுக்கிறவன் எஞ்சினுக்கா கொடுக்கிறான்? பக்கத்து பங்களாக்காரனிடம் அது இல்லை என்பதற்குக் கொடுக்கிறான். இந்த ரகசியம் பிடிபட்ட அன்று பாரிக்குச் சோறு இறங்கவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு முதலாளி அவசரமாக விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் ஆனந்தராஜையும், குவைத்தில் இருக்கும் மங்கலம்பேட்டை நண்பர் ஒருவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு வாங்கிவிட்டான்.

அவன் பங்குக்குப் போனது அன்பரசியின் மனை. திட்டக்குடி ரோட்டில் அவள் அப்பா கொடுத்த இடம். சமையல்கட்டு எந்தப் பக்கம், துணி துவைக்கிற கல் எந்தப் பக்கம் என்றெல்லாம் அவள் இஞ்சினீயரிடம் உட்கார்ந்து வரைந்து வைத்திருந்தாள். “ஒரே வருஷம், அதவிடப் பெரிய மனையா வாங்கி வூட்டையும் கட்டித் தரேன்,” என்று பாரி சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். இப்போது பதினாலு மாதம் ஆகிறது. நல்ல விலைக்குப் போனால் வீடு. போகாவிட்டால் ஆயுசுக்கும் வாடகை வீடுதான். பாரிக்கும் இது தெரியும், அவளுக்கும் தெரியும். அதனாலேயே இருவரும் அதைப் பற்றி ரொம்பப் பேசுவதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஸ்டார்னெல்லா வைத்திருப்பவர்கள், புரோக்கர்கள், கார்ப் பைத்தியங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. அதில் யாரோ போட்டார்கள், கம்பெனிக்காரன் மனசு மாறி இன்னொரு நூறு வண்டி செய்யப் போகிறானாம், அதில் ஐந்து இந்தியாவுக்கு வருகிறதாம். ஏழு என்பது பன்னிரண்டு ஆகிவிட்டால்? பாரி போனைப் பார்ப்பதும் வைப்பதும் திரும்ப எடுப்பதுமாக நாலு நாள் அலைந்தான். கடைக்கு வந்த ஒரு ஸ்விஃப்ட் பார்ட்டியிடம் விலை சொல்லும்போது “பன்னெண்டு” என்று உளறி, அந்த ஆள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தாம் நாள் காலை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனான். அந்தப் பக்கத்தில் யாருக்கு என்ன அநியாயம் நடந்தாலும் அங்கேதான் பிராது கட்டுவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கிற மாதிரி மனு எழுதி, கொளஞ்சியப்பராக இருக்கும் முருகன் பாதத்தில் வைத்து, பிறகு முனியப்பர் முன்னால் கட்டிவிட வேண்டும். தொண்ணூறு நாளுக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடும். மனுதாரர் ஊர் எத்தனை கிலோமீட்டரோ அதற்குத் தகுந்தபடி காணிக்கை.

அலுவலகத்தில் இருந்தவர் பெயர் பாவாடை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“எந்த ஊரு?”

“இத்தாலிங்க.”

பாவாடை பேனாவை வைத்துவிட்டார். “உங்க ஊரக் கேட்டேன் சார்.”

“ஓ, நானா? இங்கதாங்க, பாலக்கர.”

“சொல்ல வேணாமா? கிட்டத்துலதான். சொற்பந்தான் ஆவும்.”

பாரிக்கு அது சரியாகப் படவில்லை. எதிராளி கடல் கடந்து இருக்கிறான். பாலக்கரைக்கு உண்டான கட்டணத்தில் சாமி எவ்வளவு தூரம் போகும்? “எதிராளி ஊருக்கும் சேத்துப் போட்டுக்குங்களேன்,” என்றான்.

“அதுக்கெல்லாம் ரசீது கெடையாது. மனசு கேக்கலன்னா உண்டியல்ல போடுங்க.”

பிறகு தூண் ஓரமாக உட்கார்ந்து மனுவை எழுதினான். மேற்படி கம்பெனி கூடுதலாக வண்டி செய்யக் கூடாது என்று எழுதினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபது வருஷப் பழக்கம் லேசில் விடுமா? இரண்டு லட்சம் வேண்டுமென்றால் இரண்டரை என்று ஆரம்பித்தால்தான் இரண்டில் வந்து நிற்கும். சாமியிடமும் கொஞ்சம் கூட்டிக் கேட்டு வைப்போம், குறைத்துக் கொடுத்தாலும் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டு, கடைசி வரியாக இப்படிச் சேர்த்தான்: ‘இருக்கின்ற ஏழு வண்டியும் எண்ணிக்கையில் குறைய வேண்டுமாய்த் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ கட்டிவிட்டு வந்தவனுக்கு அன்று மத்தியானம்தான் கொஞ்சம் தூக்கம் வந்தது.

பதினெட்டாம் நாள் சாயங்காலம் குரூப்பில் ஒரு படம் வந்தது. முந்தின நாள் ராத்திரி, மரக்காணம் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை. குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கி, தடுப்புச் சுவரில் மோதி, முன்பக்கமே இல்லாமல் கிடந்தது ஒரு சிவப்பு ஸ்டார்னெல்லா. பாண்டிச்சேரி திருமாலுடையது.

திருமாலைப் பாரி நேரில் பார்த்ததில்லை. இருபத்தேழு வயசுப் பையன். வண்டி வந்த புதிதில், குடோனில் நிறுத்தி வைத்தே பேட்டரி செத்துப்போய், கதவுகூடத் திறக்காமல் பாரி முழித்துக்கொண்டிருந்தபோது, குரூப்பில் இருந்த பெரிய மனிதர்கள் யாரும் பதில் போடவில்லை. இந்தப் பையன்தான் வீடியோவில் வந்து, எந்த மூடியைக் கழற்றி எந்த வயரைத் தொட வேண்டும் என்று ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். “சார்ஜர்லயே போட்டு வெச்சிருங்கண்ணே, பாவம், அது நிக்கறதுக்குப் பொறந்த வண்டி இல்ல,” என்று சிரித்தான்.

படத்தைப் பார்த்தவுடன் பாரியின் மனசு செய்த முதல் காரியத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஏழில் ஒன்றைக் கழித்தது.

அடுப்படியிலிருந்து அன்பரசி வந்து எட்டிப் பார்த்தாள். “ஐயையோ, யாருங்க இது?”

“நம்ம பாண்டிச்சேரிப் பையன். பேட்டரிக்குச் சொல்லிக் குடுத்தான்ல.”

“அடக் கடவுளே. பொழச்சிக்குமா?”

“எங்க பொழைக்கிறது? சேசிஸே வளைஞ்சி போச்சி பாரு. இனிமே தேறாது.”

அன்பரசி கையில் கரண்டியோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதைக் கேட்டாள், தான் எதைச் சொன்னோம் என்பது பாரிக்கு அப்புறம்தான் உறைத்தது. உடம்பெல்லாம் கூசிப்போனது. பையன் உயிரோடு இருக்கிறான், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கீழே போட்டிருந்ததை அதன் பிறகே படித்தான். அதற்கும் கீழே, கையெடுத்துக் கும்பிடும் படங்களுக்கு நடுவே, மும்பைக்காரர் ஒருவர் போட்டிருந்தார்: ‘ஆக, இனி ஆறு.’

மறுநாள் கோயில் நடை திறக்கும்போதே பாரி வாசலில் நின்றான்.

“பிராத வாபஸ் வாங்கணும்.”

பாவாடைக்கு ஆள் ஞாபகம் இருந்தது. “இத்தாலிக்காரரா? அதுக்குள்ள நடந்துடுச்சா?”

“பாதி நடந்துடுச்சிங்க. மீதி நடக்கக் கூடாது.”

அவர் அதற்கு மேல் துருவவில்லை. பாரி பிராதைத் திரும்பப் பெறுவதாக ராஜினாமா எழுதிக் கொடுத்து, விழுந்து கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தான். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஆனால் மனுஷன் மனசு எவ்வளவு நேரம் கழுவினபடி இருக்கும்? பைக்கை எடுத்துப் பாலக்கரை வருவதற்குள் மணி ஒன்பது ஆகிவிட்டது. அதற்குள் மெட்ராஸிலிருந்து ராஜமாணிக்கம் கூப்பிட்டுவிட்டார். பெரிய கார்களுக்கெல்லாம் அவர்தான் புரோக்கர்.

“பாரி, உனக்கு யோகம் அடிச்சிடுச்சி. ஐதராபாத் பார்ட்டி எறங்கி வந்துட்டான். போன மாசம் சொன்னதுக்கு மேல கால் பங்கு கூடத் தரேங்கறான். ஆனா ஒண்ணு, ஆறுன்னா அந்த வெல. அந்தச் செவப்பு வண்டிய இத்தாலிக்கு அனுப்பித் திரும்பக் கட்டிட்டாங்கன்னா மறுபடி ஏழு ஆயிடும். புதுசா அஞ்சு வர்றதயே பொறுத்துக்கிட்டுத்தான் இந்த வெல சொல்றான், அதோட இதுவும் சேந்தா தாங்காது. அப்ப அவனுக்கு இந்த வண்டியே வேணாமாம். நீதான் கிட்டத்துல இருக்க. ஒரு எட்டுப் போயி அவங்க வூட்டு ஆளுங்க கிட்ட விசாரிச்சிச் சொல்லு. நீ சொன்னா போதும், இன்னைக்கே அட்வான்ஸ்.”

பாரி அதை அன்பரசியிடம் சொன்னபோது அவள் முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே வாடியது. “ஆஸ்பத்திரியில கெடக்கறவன் கிட்டப் போயி அதயா கேப்பீங்க?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “கேட்டா பக்குவமா கேளுங்க,” என்றும் அவளேதான் சொன்னாள். ஒரு பை சாத்துக்குடி வாங்கிக் கொடுத்து அனுப்பினாள்.

பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் போனான். நெய்வேலி, பண்ருட்டி என்று பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் அவனுக்கு உயிர் போய் வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்தான். ‘இன்சூரன்ஸ்காரன் என்னா சொல்றான்?’ என்று கேட்டு மெல்ல இழுக்கலாம். அது நல்ல வழியாகப் பட்டது. பக்கத்து சீட்டு ஆள் இவன் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி. வராந்தா பெஞ்சில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். திருமாலின் அப்பா கோவிந்தசாமி. ஊரில் மூன்று ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் என்று பார்த்தால் தெரியாது. விருத்தாசலம், கார் குரூப் என்று பாரி சொன்னதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த குரூப்புல முப்பது பேரு இருக்கீங்களாம். நீங்க ஒருத்தர்தான் தம்பி வந்து பாக்கறீங்க.”

பாரி சாத்துக்குடிப் பையை நீட்டினான்.

“அந்தக் காருல நான் ஒரே தடவதான் ஏறியிருக்கேன். ஏறிட்டா எறங்கத் தெரியல. ரெண்டு பேரு புடிச்சித் தூக்கினாங்க,” என்று சிரித்த பெரியவர் அப்படியே குரலைத் தாழ்த்தினார். “வலது முட்டி இனிமே மடங்காதுன்னு சொல்லிட்டாரு டாக்டரு. அவன்கிட்ட இன்னும் சொல்லல. ரெண்டு நாளா பச்சத் தண்ணி பல்லுல படல. காரு ரெடியாயிடுமான்னு அது ஒண்ணுதான் கேக்கறான். நான் சொன்னா, உங்களுக்கு என்னா தெரியும்ங்கறான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. உங்க மாதிரி ஆளு சொன்னா நம்புவான்.”

உள்ளே போனான். திருமால் தலையிலும் தோளிலும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். வீடியோவில் பார்த்த முகத்தில் பாதிதான் தெரிந்தது. பாரியை அடையாளம் கண்டுகொண்டு முதலில் கேட்ட கேள்வி, “பேட்டரி எப்படி இருக்குதுண்ணே?”

“நல்லா இருக்குதுப்பா. சார்ஜர்லதான் வெச்சிருக்கேன்.”

“குரூப்புல ஆறுன்னு போட்டுட்டானுங்க பாத்தீங்களா?” அவன் கண் கலங்கியது. “நான் இன்னும் இருக்கேண்ணே. வண்டியும் இருக்குது. கம்பெனிக்கு நேத்தே மெயில் போடச் சொன்னேன். அதே சேசிஸ் நம்பர்லயே திரும்பக் கட்டித் தரேன்னு சொல்லிட்டான். ஒன்றர வருஷம் ஆவுமாம், ஆவட்டும். நீங்க ஒருத்தர்தான் அங்க ஆறுன்னு போடல.”

பாரி போடவில்லைதான். மனசுக்குள் எல்லோருக்கும் முந்திப் போட்டதை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கேட்க வந்ததற்குக் கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது. இந்தப் பதிலை வெளியில் யாருக்கும் தெரியாமல் ஒரு வாரம் அமுக்கி வைத்தால் போதும், வண்டி ஐதராபாத் போய்விடும். படுக்கையில் கிடக்கிற பையன் ஏதோ ஆசையில் சொன்னான், எனக்கு எப்படித் தெரியும் என்று பிறகு கையை விரித்துவிடலாம். எவனும் கேட்க முடியாது.

“ஆயிடுமில்லண்ணே?” என்றான் திருமால்.

“ஆவாம என்னா? கம்பெனிக்காரனே சொல்லிட்டான். ஏழு ஏழாத்தாண்டா இருக்கும்,” என்றான் பாரி. “நீ மொதல்ல சாப்புடு. ஒடம்புல தெம்பு இல்லாம அத எப்படி ஓட்டுவ?”

சொல்லிவிட்டுப் பெரியவரைப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிளாஸ்க்கிலிருந்து கஞ்சியை டம்ளரில் ஊற்றினார். திருமால் மூன்று வாய் குடித்தான். நாலாவது வாய் குடிக்கும்போது பாரியின் போன் அடித்தது. ராஜமாணிக்கம்.

வராந்தாவுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு எடுத்தான்.

“என்னா பாரி, விசாரிச்சியா? பார்ட்டி லைன்லயே இருக்கான். ஆறா, ஏழா?”

பாரியின் தொழிலே இதுதான். விற்கிறவனிடம் ஒன்று, வாங்குகிறவனிடம் ஒன்று, ஐந்து நிமிஷ இடைவெளியில், முகம் மாறாமல் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் மிதந்த வண்டியை ஒரு டாக்டர் வீட்டில் ஷெட்டுக்குள்ளேயே இருந்தது என்று சொல்லி விற்றிருக்கிறான். அன்று ராத்திரி நன்றாகவும் தூங்கினான். ஆறு என்பது அதையெல்லாம்விடச் சின்னப் பொய். சொல்வதற்கு வாயைத் திறந்தான். சாத்திய கதவுக்குப் பின்னால் பெரியவர் “இன்னும் ஒரு வாய்டா, அந்தத் தம்பியே சொல்லிட்டாருல்ல,” என்று கெஞ்சுவது கேட்டது.

“ஏழு,” என்றான்.

“என்னாது?”

“திரும்பக் கட்டறாங்கண்ணே. உறுதியா. ஏழுதான்.”

ராஜமாணிக்கம் கத்தினார். பிழைக்கத் தெரியாதவன் என்றார், ஆனந்தராஜுக்கு என்ன பதில் சொல்லப் போகிறாய் என்றார், பார்ட்டி போனை வைத்துவிட்டான் என்றார். கடைசியில் அவரும் வைத்துவிட்டார். பாரி பெஞ்சில் உட்கார்ந்தான். காலை ஆட்டாமல் அவனால் உட்கார முடிந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது, இப்போது கால் தானாக நின்றுவிட்டது. ஆனந்தராஜை நினைத்தான், குவைத்துக்காரரை நினைத்தான். போன் மறுபடி அடித்தது.

“என்னாங்க ஆச்சி? எடுக்கவே மாட்டேங்கறீங்க,” என்றாள் அன்பரசி.

“ஏழுன்னு சொல்லிட்டேன்.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

“அந்தப் புள்ள எதுனா சாப்புட்டுச்சா?”

“கஞ்சி குடிக்கறான்.”

“சரி,” என்றாள். பிறகு அவளுக்கே கேட்கக் கூடாது என்கிற மாதிரி மெதுவாக, “அப்ப என் வூடு?” என்று கேட்டாள்.

எப்போதும் அவளுக்கென்று அவன் ஒரு பதில் வைத்திருப்பான். ‘பாத்துக்கலாம் விடு, வேற பார்ட்டி வரான்.’ பதினாலு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“இல்ல அன்பரசி,” என்றான்.

அவள் அழ ஆரம்பித்தாள். திட்டினாள், தன் அப்பாவின் பெயரைச் சொல்லி அழுதாள், ஆறு என்று சொன்னால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்டாள், கேட்டுவிட்டு அதற்கும் சேர்த்து அழுதாள். பாரி அவள் அழுது முடிக்கிற வரைக்கும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.